ஏஜென்சியா, முத்திரையா, வாட்ஸ்அப்பா? டர்பனில் ஒரு ஊறுகாய்ப் பட்டறை யோசித்த கதை

புரட்டாசி முடிந்தபோது எங்கள் கையில் கொஞ்சம் பணம் மிஞ்சியிருந்தது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் அந்த ஒரு மாதம் தமிழ் வீடுகள் பலவற்றில் மாமிசம் நின்றுவிடும். ஊறுகாயும் பொடியும் வழக்கத்தைவிட வேகமாகப் போகும். டர்பனில் இந்தியர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில் என் நாத்தனார் வீட்டுக் கராஜில் தொடங்கிய தொழில், இன்று ஆறு பெண்கள் வேலை செய்யும் சின்னப் பட்டறை. மிஞ்சிய பணத்தை, எங்களைப் பற்றி நாலு பேருக்குச் சொல்வதில் போடலாம் என்று இருவரும் ஒப்புக்கொண்டோம். எப்படிச் சொல்வது என்பதில்தான் இழுத்தது.

"அண்ணி, மக்கள் தொடர்பு வேலை பார்க்கும் ஒரு நல்ல பி.ஆர். ஏஜென்சியாகப் பார்ப்போம். சொல்லத் தெரிந்தவர்கள் சொன்னால்தான் எடுபடும்" என்றாள் அவள். எனக்கு முத்திரையின் மேல் கண். பாட்டிலில் ஓர் அங்கீகார முத்திரை இருந்துவிட்டால் நாம் வாயைத் திறக்கவே வேண்டாமே என்று நினைத்தேன். இங்குள்ள இந்தியர்களுக்கான வானொலியான லோட்டஸ் எஃப்எம்மில் விளம்பரம் கொடுக்க வேண்டும் என்பது என் கணவரின் கட்சி. ஒவ்வொன்றாக விசாரித்து, விலை கேட்டு, சிலவற்றில் கையைச் சுட்டுக்கொண்டு, ஒரு வருடம் கழித்துத்தான் முடிவுக்கு வந்தோம். இங்கே இதே மாதிரி நாணயமாகத் தொழில் நடத்தப் பார்க்கிற தமிழர்கள் சிலர் இதைப் பற்றிக் கேட்டார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

எல்லா வழிகளையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடை போட்டேன். நாங்கள் சொல்வதைக் கேட்டவர் "இது நிஜமா?" என்று திருப்பிக் கேட்டால், அந்தக் கேள்வி யாரிடம் போய்ச் சேரும்? ருசியை யாரும் நாக்கில் வைத்துப் பார்த்துவிடலாம். கூலி ஒழுங்காகக் கொடுக்கிறோம், மிளகாய்த்தூளில் சாயம் சேர்ப்பதில்லை, காய் கொண்டுவரும் விவசாயிக்கு அன்றைக்கே பணம் தருகிறோம் என்பதெல்லாம் நாக்குக்குத் தெரியாது. நம்பித்தான் வாங்க வேண்டும். நம்பச் சொல்கிறவர்கள் கேள்வி வரும் திசையில் நிற்க வேண்டும் என்பது என் எண்ணம்.

வழியைத் தேடுவதற்கு முன் சொல்லப்போவதை ஒரு தாளில் எழுதினோம். எழுதியதில் பாதி நிற்கவில்லை. "நியாயமான கூலி" என்று எழுதியிருந்தோம். எது நியாயம்? தென்னாப்பிரிக்காவில் 2025 மார்ச்சில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ராண்ட் ஆனது. அதைக் கொடுப்பது சட்டத்துக்குக் கட்டுப்படுவது, அதில் பெருமை பேச ஒன்றுமில்லை. நாங்கள் அதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகக் கொடுக்கிறோம். அப்படியானால் எத்தனை ராண்ட் என்று பாட்டிலிலேயே போட்டுவிடலாமே என்று நினைத்தேன். அதில் ஒரு சிக்கல் வந்தது, பிறகு சொல்கிறேன்.

"ஆரோக்கியமான ஊறுகாய்" என்பதையும் அடித்தோம். 2010-இல் வந்த உணவு லேபிள் விதிகளின்படி, ஒரு பொருளே உடம்புக்கு நலம் தரும் என்று தோன்றும்படியான சொற்களை லேபிளிலும் விளம்பரத்திலும் போடக் கூடாது. "உள்ளூர் மிளகாய்" என்பது பாதி உண்மைதான். பச்சை மிளகாயும் எலுமிச்சையும் மாங்காயும் டர்பனுக்கு வடக்கே வெருலம் பக்கத்துச் சிறு விவசாயிகளிடமிருந்து வருகின்றன. பொடிக்கு வேண்டிய காய்ந்த மிளகாய் இந்தியாவிலிருந்து கப்பலில் வருகிறது. ஆகவே ஊறுகாய் பாட்டிலில் மட்டும் அந்த வரியை வைத்துக்கொண்டோம். இந்த வேலைக்கு ஒரு காசு செலவில்லை. ஆனால் பின்னால் எந்த வழியில் போனாலும் இதுதான் கை கொடுத்தது. இங்கே விளம்பரங்கள் மேல் வரும் புகாரைக் கேட்பது, 2018-இல் ஏஎஸ்ஏ என்ற பழைய விளம்பரக் கண்காணிப்பு அமைப்பின் இடத்துக்கு வந்த விளம்பர ஒழுங்கு வாரியம். வாங்குகிறவர் யாரும் காசு கட்டாமல் அங்கே புகார் கொடுக்கலாம். சோதித்துப் பார்க்கக்கூடிய எதையும் விளம்பரத்தில் சொல்வதானால், அது வெளிவருவதற்கு முன்பே ஆதாரம் கையில் இருக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. கேட்டபிறகு தேடக் கூடாது.

சரி, ஏஜென்சிக்கு வருவோம். நாத்தனார் சொன்னது வீண் பேச்சு இல்லை. எங்களுக்குப் பத்திரிகைக்காரர் யாரையும் தெரியாது. ஒரு செய்திக் குறிப்பை எப்படி எழுதுவது, யாருக்கு அனுப்புவது என்றும் தெரியாது. அதெல்லாம் தெரிந்தவர்கள் அவர்கள். ஆனால் அவர்கள் கேட்ட மாதக் கட்டணம் எங்கள் பட்டறையில் இரண்டு பேரின் சம்பளத்தைவிட அதிகம். கூலி நன்றாகக் கொடுக்கிறோம் என்று ஊருக்குச் சொல்வதற்கு இரண்டு பேர் கூலியைச் செலவழிப்பதா என்று அன்றே எனக்கு உறுத்தியது. ஆனாலும் ஒரு சின்ன ஏஜென்சியோடு மூன்று மாதம் வேலை செய்து பார்த்தோம்.

எங்கள் ஆறு பேரில் இரண்டு பேர் ஜூலு பெண்கள். ஏஜென்சி அனுப்பிய முதல் வரைவில் அந்த இரண்டு பேரின் படம் பெரிதாக நடுவில் இருக்க வேண்டும் என்றும், ஒவ்வொரு பாட்டிலும் ஓர் ஏழைப் பெண்ணின் வாழ்க்கையை மாற்றுகிறது என்றும் எழுதியிருந்தார்கள். அதை இரண்டு பேரிடமும் வாசித்துக் காட்டினேன். ஒருத்தி கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "நான் இங்கே வேலைக்கு வருகிறேன். உதவி வாங்க வரவில்லை" என்றாள். அந்த வரைவைத் திருப்பி அனுப்பினேன். அடுத்து வந்தது கொஞ்சம் மென்மையாக இருந்தது, ஆனால் உள்ளே இருந்தது அதே எண்ணம்தான். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. பட்டறைக்கு ஒரே ஒரு தடவை, அதுவும் அரை மணி நேரம் வந்தவர்களுக்கு வேறு எதுவும் கண்ணில் பட்டிருக்காது.

இந்த நாட்டில் பி.ஆர். என்ற சொல்லைக் கேட்டாலே பலருக்கு நினைவுக்கு வருவது பெல் பாட்டிங்கர். லண்டனில் இருந்த பெரிய நிறுவனம். 2016-இல், அப்போதைய அதிபர் ஜூமாவுக்கு நெருக்கமாக இருந்த, இந்தியாவிலிருந்து வந்த குப்தா குடும்பத்தின் ஓக்பே நிறுவனத்திடம் மாதம் 1 லட்சம் பவுண்டு வாங்கிக்கொண்டு வேலை செய்தார்கள். இன வெறுப்பைக் கிளறும் பிரசாரம் அது என்று பிரிட்டனின் மக்கள் தொடர்புத் துறைச் சங்கமே தீர்ப்புச் சொல்லி, 2017 செப்டம்பரில் அவர்களை வெளியேற்றியது. அதே மாதத்தில் நிறுவனம் விழுந்துவிட்டது. அந்த ஆண்டுகளில் இங்கே இந்திய முகம் உள்ள எல்லோரையும் சிலர் ஒரு மாதிரியாகப் பார்த்ததை நான் அனுபவித்திருக்கிறேன். அதனால் ஏஜென்சி பிடிக்க நினைப்பவர்களிடம் நான் முதலில் கேட்கச் சொல்வது விலையை இல்லை. உங்களுடைய மற்ற வாடிக்கையாளர்கள் யார், யாருடைய வேலையை மறுத்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் வரவில்லையென்றால் எழுந்து வந்துவிடலாம். தென்னாப்பிரிக்க மக்கள் தொடர்புத் துறையினருக்கு பிரிசா என்ற சங்கம் 1957 முதல் இருக்கிறது, அதற்கு ஒரு நெறிமுறையும் உண்டு. நீங்கள் பேசும் ஏஜென்சி அதில் உறுப்பினரா என்றும் பார்க்கலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் ஏஜென்சிக்காரர்களின் அனுபவம் தேவை என்று இன்னும் நினைக்கிறேன்: ஏதாவது தவறாகிவிடும் நாளில். 2018 மார்ச் 4-ஆம் தேதி, உணவு வழியாக நாடு முழுக்கப் பரவிய லிஸ்டீரியா கிருமித் தொற்றின் மூலம் பொலக்வானே நகரில் உள்ள எண்டர்பிரைஸ் இறைச்சி ஆலை என்று சுகாதார அமைச்சர் அறிவித்தார். போலனி என்ற மலிவான பதப்படுத்திய இறைச்சியில் இருந்து பரவிய அந்த நோயில் 200 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அந்த ஆலையை நடத்திய டைகர் பிராண்ட்ஸின் தலைவர் பத்திரிகையாளர்கள் முன் வந்து, சாவுகளுக்கும் தங்கள் பொருளுக்கும் நேரடித் தொடர்பு உறுதியாகவில்லை என்கிற பேச்சைப் பேசினார். வழக்கறிஞர் காதுக்கு அது சரியான பேச்சாக இருந்திருக்கலாம். பிள்ளையைப் பறிகொடுத்தவர் காதில் அது எப்படி விழுந்திருக்கும்? நாங்கள் விற்பதும் உணவுதான். அப்படி ஒரு நாள் வந்தால் முதல் ஒரு மணி நேரத்தில் என்ன சொல்வது, யார் சொல்வது என்று எழுதி வைக்க, அனுபவமுள்ள ஒருவரிடம் ஒரே ஒரு நாள் உட்கார்ந்தோம். மூன்று மாதக் கட்டணத்தைவிட அந்த ஒரு நாள் கட்டணம் எங்களுக்குப் பயன்பட்டது.

முத்திரை விஷயத்தில் என் ஆசை பாதி நிறைவேறியது. இங்கே சின்னத் தொழிலுக்கு எட்டக்கூடியது புரௌட்லி சவுத் ஆப்பிரிக்கன், 2001 முதல் இருப்பது. உற்பத்திச் செலவில் பாதியாவது இந்த நாட்டில் ஆகியிருக்க வேண்டும். தரம், தொழிலாளர் நடத்தை, சுற்றுச்சூழல் மூன்றிலும் ஒழுங்காக இருக்க வேண்டும். ஊறுகாய் சுலபமாகத் தேறும். பொடிக்குக் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும், ஏனென்றால் காய்ந்த மிளகாயின் விலை ராண்ட் விழும்போதெல்லாம் ஏறுகிறது. ஃபேர்ட்ரேட் எங்களுக்கு ஒத்துவரவில்லை. அந்த முத்திரை மூலப்பொருள் யாரிடமிருந்து எப்படி வாங்கப்படுகிறது என்பதைப் பார்ப்பது; விளைவிப்பவர்களும் அந்த ஏற்பாட்டுக்குள் இருக்க வேண்டும். வெருலத்தில் அரை ஏக்கரில் மிளகாய் போடுபவரிடம் போய்த் தணிக்கை, படிவம் என்று பேசினால், அவர் மூட்டையை வேறு யாருக்காவது கொடுத்துவிட்டுப் போய்விடுவார். முழு நிறுவனத்தையும் எடை போடுவது பி கார்ப். எங்கள் அளவுக்கு அதன் கட்டணமும் காகித வேலையும் பெரிய சுமை. ஆனால் அவர்களுடைய கேள்விப் பட்டியலை இணையத்தில் இலவசமாகவே நிரப்பிப் பார்க்கலாம். இரண்டு இரவு உட்கார்ந்து நிரப்பினோம். கழிவுநீர் எங்கே போகிறது என்ற கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. அன்றிலிருந்துதான் அதைக் கவனிக்கத் தொடங்கினோம்.

அப்புறம், முத்திரையைப் பார்ப்பவருக்கு அதன் பொருள் தெரிந்திருக்க வேண்டும். இந்த ஊரில் ஹலால் முத்திரையைப் பாருங்கள். அதில் என்ன கேட்கப்படுகிறது, யார் வந்து பார்க்கிறார்கள் என்பது வாங்குகிறவருக்குத் தெரியும். சந்தேகம் வந்தால் கேட்க இடமும் உண்டு. அதனால் அதற்கு மரியாதை. கூலியைப் பற்றிச் சொல்லும் முத்திரை ஒன்று அந்த அளவுக்கு சாட்ஸ்வொர்த்தில் இன்னும் வேர்விடவில்லை. பெரிய கடைச் சங்கிலிகளுக்குச் சரக்குப் போடுபவர்களுக்கு என் கணக்கு பொருந்தாது. அங்கே வாங்குகிற அதிகாரி முத்திரையைத்தான் முதலில் கேட்பார். அவர்கள் முத்திரையிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும்.

வானொலியும் பத்திரிகையும். லோட்டஸ் எஃப்எம் 1983 முதல் ஒலிக்கிறது. தமிழ் நிகழ்ச்சி நேரத்தில் எங்கள் தெருவில் வயதானவர்கள் இருக்கும் வீடுகளில் அது ஓடிக்கொண்டிருக்கும். சில வாரம் விளம்பரம் கொடுத்தோம். விற்பனை ஏறியது, நிறுத்தியதும் இறங்கியது. முப்பது வினாடியில் "வாங்குங்கள்" என்று சொல்லலாம். விவசாயிக்கு அன்றைக்கே பணம் தருவதால் அவருக்கு என்ன மாறுகிறது என்று சொல்ல முடியாது. கேட்டவர் நின்று கேள்வி கேட்கவும் முடியாது. சாட்ஸ்வொர்த் ரைசிங் சன் போல வீட்டு வாசலுக்கே வரும் வட்டாரப் பத்திரிகைகளில், விளம்பரத்தைவிட செய்தியாக வந்தால்தான் மக்கள் படிக்கிறார்கள். செய்தியாக வர, செய்தி இருக்க வேண்டும்.

இதை எழுதும்போது இந்தியன் ஒப்பீனியன் ஞாபகம் வருகிறது. 1903-இல் டர்பனில் ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் என நான்கு மொழிகளில் தொடங்கிய பத்திரிகை. தமிழ்ப் பகுதி சில ஆண்டுகளில் நின்றுபோனது நமக்குப் பெரிய இழப்பு. பிறகு ஒரு கட்டத்தில் காந்தி அதில் விளம்பரம் வாங்குவதையே நிறுத்திவிட்டார். சந்தா கட்டுகிறவர்களை மட்டும் நம்பி ஒரு பத்திரிகை. காந்தி அந்தப் பத்திரிகையை நடத்திய ஃபீனிக்ஸ் மண்ணிலிருந்து கொஞ்ச தூரத்தில் மிளகாய் வாங்கப் போகும்போதெல்லாம் இதை யோசிப்பேன்.

சமூக ஊடகத்தில் பிரபலமானவர்களைப் பிடித்துப் பேச வைப்பதை நாங்கள் எடுத்துக்கொள்ளவே இல்லை. காசு வாங்கிப் பேசினால் அது விளம்பரம் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பது விளம்பர ஒழுங்கு வாரியத்தின் விதி. அப்படிச் சொன்னபிறகு எங்கள் கூலிக் கணக்கைப் பற்றி அவர் பேசுவதில் என்ன பலம் இருக்கும்?

மிச்சம் இருப்பது வாட்ஸ்அப்பும், வார இறுதியில் சாட்ஸ்வொர்த்தின் பங்களாதேஷ் மார்க்கெட் என்ற சந்தையில் போடும் மேஜையும். தொடக்கத்தில் இவை எங்களுக்கு ஒரு வழியாகவே தோன்றவில்லை, ஏனென்றால் ஏற்கெனவே செய்துகொண்டிருந்தோம். ஆனால் என் கேள்விக்கு நேரே பதில் கிடைத்தது இங்கேதான். மேஜைக்கு வரும் வயதான ஆயா ஒருவர் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பார். "கலர் போட்டியா?" என்று கேட்பார். இல்லை ஆயா என்றால், "அப்ப ஏன் இவ்வளவு சிவப்பு?" என்று அடுத்த கேள்வி வரும். எந்த மிளகாய், எத்தனை நாள் வெயில், எவ்வளவு எண்ணெய் என்று சொல்ல வேண்டும். திருப்தியாகாமல் போனால் அடுத்த வாரம் வந்து இன்னொரு கேள்வி கேட்பார். திருப்தியானால் தன் மகள் வீட்டுக்கும் தங்கை வீட்டுக்கும் அவரே சொல்லிவிடுவார். எந்தச் செய்திக் குறிப்பும் எங்களை அவ்வளவு தூரம் கொண்டுபோனதில்லை.

வாட்ஸ்அப்புக்கு எல்லை உண்டு. ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர்தான். அதுவும் நம் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்தவர்களுக்கே செய்தி போகும். இதைப் பலர் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அது சரியென்றே படுகிறது, எண்ணைச் சேமிக்காதவர் நம்மிடமிருந்து கேட்க விரும்பவில்லை என்றுதானே பொருள்? தனிப்பட்ட தகவல்களைக் காக்கும் போப்பியா சட்டம் 2021 ஜூலை முதல் முழுதாக நடைமுறையில் இருக்கிறது. நம்மிடம் ஏற்கெனவே வாங்கியவருக்கு அதே மாதிரிப் பொருளைப் பற்றிச் செய்தி அனுப்பலாம், ஒவ்வொரு செய்தியிலும் வேண்டாம் என்று சொல்ல வழி வைத்து. வாங்காத ஒருவரிடம் சம்மதம் கேட்டு ஒரு தடவைதான் அணுகலாம். கோயில் குழுவிலிருந்து எண்களை அள்ளி எடுத்துச் செய்தி அனுப்புவது நம் ஆட்களிடம் சகஜமாக இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சாமி கும்பிட வந்த இடத்தில் கொடுத்த எண் அது.

எங்கள் வாட்ஸ்அப் பட்டியலின் அருமை ஒரு மோசமான நாளில் தெரிந்தது. உப்பைக் குறைக்கச் சொல்லிச் சிலர் கேட்டார்கள் என்று எலுமிச்சை ஊறுகாயில் ஒரு தடவை உப்பைக் குறைத்தேன். என் முடிவு, என் தவறு. பத்தாம் நாள் பட்டறையில் இருந்த ஒரு பாட்டிலின் மூடி உப்பியிருந்தது; திறந்தால் நுரை. 140 பாட்டில் ஏற்கெனவே போயிருந்தன. தவறாகிவிடும் நாளுக்கென்று எழுதி வைத்த தாளை எடுத்தோம். ஒரு மணி நேரத்தில் எல்லோருக்கும் செய்தி போனது: எந்தத் தேதி பாட்டில், என்ன தவறு, சாப்பிட வேண்டாம், பணம் திரும்பத் தருகிறோம். நாத்தனார் கைநடுங்க அனுப்பினாள். பணம் கேட்டவர்கள் பாதிக்கும் குறைவு. ஒருவர் மட்டும் கோபமாக எழுதினார். அவர் வீட்டுக்கு நானே போய்ப் பேசிவிட்டு வந்தேன். அவர் இன்னும் வாங்குகிறார்.

நல்ல காரியத்தைச் சொல்வதில் இன்னொரு சங்கடம் உண்டு. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டோங்காட்டின் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் கெட்டு, அந்த ஊர் மாதக்கணக்கில் குழாய்த் தண்ணீர் இல்லாமல் தவித்தது. நாங்களும் வண்டியில் தண்ணீர் கொண்டுபோனோம். அங்கே சில கடைக்காரர்கள் பேனர் கட்டி, தண்ணீர் வாங்குகிறவர்களை நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். குடத்தோடு நின்ற ஒரு பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டதைப் பார்த்தேன். நாங்கள் படம் எடுக்கவில்லை. பிறகு எங்கள் பட்டியலுக்கு மட்டும் எத்தனை லிட்டர், எந்தத் தெரு, இன்னும் எங்கே தேவை என்று எழுதினோம். அதைப் பார்த்து மூன்று பேர் தங்கள் வண்டியைக் கொண்டுவந்தார்கள். இப்படிச் சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை.

கடைசியில் பணத்தை இப்படிப் பிரித்தோம். பெரும்பங்கு பொடியைச் சாயத்துக்காக ஆய்வகத்தில் சோதிக்கவும், அந்த முடிவை மேஜையில் வைக்கவும் போனது. அடுத்தது இரண்டாவது மேஜைக்கு. ஊறுகாய்க்கு மட்டும் புரௌட்லி சவுத் ஆப்பிரிக்கனுக்கு விண்ணப்பம் போட்டோம். வானொலி புரட்டாசிக்கு முந்தின இரண்டு வாரம் மட்டும். ஏஜென்சி இல்லை. நாத்தனாருக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை. கேப்டவுனில் விற்கத் தொடங்கும்போது அங்கே நம்மைத் தெரிந்தவர் யார் என்கிறாள். அவள் சொல்வது சரி. அங்கே போகிற நாளில் இந்தக் கணக்கை மறுபடி போட வேண்டும்.

பாட்டிலில் கூலியை எழுதுவதைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். அது எங்கள் பெருமையாக இருக்கலாம், ஆனால் அவர்களுடைய சம்பளம். அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்தால் கடன் கேட்டு வருவார்கள், வீட்டில் கணக்குக் கேட்பார்கள். அதனால் ஆறு பேரிடமும் தனித்தனியாகக் கேட்டோம். நாலு பேர் போடுங்கள் என்றார்கள். ஒருத்தி வேண்டாம் என்றாள். கத்தியைக் கீழே வைத்தவள், யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறாள். புது லேபிளில் அந்த வரிக்கு இடம் விட்டுத்தான் அச்சடித்திருக்கிறோம். ஆறு பேரும் சரி என்று சொல்லும்வரை அது வெற்றிடமாகவே இருக்கும்.